ரிமோட் யார் கையில்?

எட்ட நின்று வேலை செய்யும் இயந்திரக் கைகள், படியேறத் தவிக்கும் சக்கரங்கள்... ஆய்வகத்தில் ஜெயித்த ரோபோக்கள் நம் வாசலுக்கு வந்தால் என்ன ஆகின்றன?

மூக்கின் மேல் ஓர் அரிப்பு. கையைத் தூக்கி ஒரு தடவை சொறிந்தால் தீர்ந்துவிடும். ஹென்றி எவன்ஸால் பல வருடங்களாக அதைச் செய்ய முடியவில்லை. யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும், இவர் அரிப்பைக் கண்ணாலேயே சொல்ல வேண்டும், அவர்கள் புரிந்துகொண்டு சரியான இடத்தைத் தொட வேண்டும். அதற்குள் அரிப்பு தானாகவே அடங்கியிருக்கும். இல்லாவிட்டால் அடங்காமல் உயிரை வாங்கும்.

எவன்ஸ் இருப்பது அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில். 2002 ஆகஸ்ட் மாதம், 40 வயதில், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுத் திரும்பிய ஒரு காலையில் அவருக்கு மூளைத்தண்டில் பக்கவாதம் வந்தது. ஒரு கம்பெனியின் நிதிப் பொறுப்பைக் கவனித்துக்கொண்டிருந்தவர். பேச்சு போனது, கை கால் போயின. தலையைக் கொஞ்சம் அசைக்கலாம், கண்ணைச் சுழற்றலாம், ஒரு விரலை அசைக்கலாம். மனைவி ஜேன் எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு, அவர் பார்வை எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து வார்த்தை கோப்பார்.

2010ல் தொலைக்காட்சியில் ஒரு ரோபோவைப் பார்த்தார் எவன்ஸ். பெயர் பிஆர்2. இரண்டு கைகள், கீழே சக்கரம், எடை 200 கிலோவுக்கு மேல், விலை நாலு லட்சம் டாலர். அதை வைத்து ஆய்வு செய்துகொண்டிருந்த ஜார்ஜியா டெக் பேராசிரியர் சார்லி கெம்ப்புக்கு எவன்ஸ் தரப்பிலிருந்து தகவல் போனது. சில மாதங்களில் எவன்ஸும் ஆய்வுக் குழுவில் ஒருவராகிவிட்டார்.

தலையசைவால் கணினித் திரையின் சுட்டியை நகர்த்தி, அதன் வழியாக ரோபோவை இயக்கினார். ரோபோவின் விரலிடுக்கில் ஒரு சொறிகருவி. அதை அவர் கன்னத்தில் மேலும் கீழுமாக நகர்த்துவது எப்படி, எவ்வளவு அழுத்தலாம் என்பதுதான் ஆய்வாளர்களின் கவலை. முகத்தருகே இயந்திரக் கை. கணக்கு கொஞ்சம் பிசகினால் கண்ணுக்கு ஆபத்து. எவன்ஸ் வேறு வழி கண்டுபிடித்தார். கருவியை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அப்படியே நிறுத்திவிட்டு, தன் தலையை அசைத்து அதில் தேய்த்துக்கொண்டார். நுட்பமான பாதி வேலையை, தன்னிடம் மிச்சமிருந்த அசைவால் அவரே செய்துகொண்டார். தன்னிடம் என்ன மிச்சமிருக்கிறது என்பது அவருக்குத்தானே தெரியும்!

பிறகு அதே ரோபோவைக் கொண்டு முகச்சவரம் செய்துகொண்டார். ஹாலோவீன் பண்டிகைக்குக் கடைவீதியில் குழந்தைகளுக்கு மிட்டாய் எடுத்துக் கொடுத்தார். இருந்தாலும், அந்த அரிப்பைத்தான் நான் முதலில் சொல்ல நினைத்தேன். தொலைவிலிருந்து இயக்கும் கைகள் பற்றியும், நடக்க முடியாதவரை நகர்த்தும் கருவிகள் பற்றியும் எவ்வளவு படித்தாலும் கடைசியில் அந்த இடத்துக்கே வந்து நிற்கிறேன். யாருக்காகச் செய்கிறோமோ அவர் கையில் கொடுத்துப் பார்க்கும்வரை எந்தக் கருவியும் முழுமையாவதில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கை

இந்த வகைக் கைகள் பிறந்தது அணு ஆய்வகத்தில். 1940களின் கடைசியில், சிகாகோ அருகே ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோர்ட்ஸ் என்ற பொறியாளர் இதைச் செய்தார். கதிரியக்கத்தைத் தடுக்கும் சுவருக்கு இந்தப் பக்கம் மனிதர் ஒரு பிடியைப் பிடித்து அசைப்பார். அந்தப் பக்கம் ஓர் இடுக்கி அதே மாதிரி அசையும். நமக்குத் தூரத்துச் சங்கதியில்லை இது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், உலையிலிருந்து எடுத்த எரிபொருளை இப்படித்தான் கையாளுகிறார்கள். தடித்த காரீயக் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே இருக்கும் இயந்திரக் கையால் எடுத்து, அறுத்து, அளந்து பார்க்கிறார்கள்.

எழுபது வருடங்களுக்கு மேல் ஆகியும் இது ஏன் இன்னும் கஷ்டமாகவே இருக்கிறது? ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்துக் குடிப்பதைக் கவனியுங்கள். ஒரு பொருளை நினைத்த இடத்தில், நினைத்த சாய்வில் பிடிக்க ஒரு கைக்கு ஆறு வகை அசைவு வேண்டும். பிடியை மூடித் திறக்க ஏழாவது. ஜாய்ஸ்டிக்கில் கிடைப்பது இரண்டே இரண்டு: முன் பின், இடம் வலம். அதனால் கையை முன்னே கொண்டுபோய், பொத்தானை மாற்றி, கீழே இறக்கி, மறுபடி மாற்றி, மணிக்கட்டைத் திருப்பி, மறுபடி மாற்றி, பிடியை மூட வேண்டும். ஒரு வாய் தண்ணீருக்குச் சில நிமிடங்கள் ஆகும். இதற்கு நடுவில் திரையில் தெரியும் படம் தட்டையாக இருக்கும். டம்ளர் அரை அடி தள்ளி இருக்கிறதா, ஓர் அடியா என்று கண் ஏமாறும். பிடித்தது கண்ணாடியா, எவர்சில்வரா என்று விரல் சொல்லாது.

கடினம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஜப்பானின் ஃபுகுஷிமாவைப் பார்க்கலாம். 2011 விபத்தில் உருகி உறைந்த எரிபொருளும் இடிபாடுமாக அங்கே சுமார் 880 டன் கிடப்பதாக மதிப்பீடு. தூண்டில் கம்பு மாதிரி நீளும், 22 மீட்டர் வரை போகக்கூடிய ஒரு கருவியைப் பல வருடம் உருவாக்கிச் சோதித்தார்கள். 2024 ஆகஸ்ட்டில் உள்ளே செலுத்தப் போன நாளில் வேலை நின்றது. கருவியைத் தள்ளும் ஐந்து குழாய்களை வரிசை மாற்றி வைத்துவிட்டார்கள். அடுத்த மாதம் கேமராவில் படம் வரவில்லை. நவம்பரில் ஒருவழியாக ஒரு துணுக்கு வெளியே வந்தது. எடை 0.7 கிராம். 880 டன்னில் ஒரு சிட்டிகை. அத்தனை சோதனைக்குப் பிறகும் வேலையை முதலில் நிறுத்தியது குழாயை அடுக்கிய மனிதரின் கைதான் என்பதைப் பொறியாளர்கள் மறக்கக் கூடாது.

பெட்டிச் செய்தி: தேவைப்படுவோர் எத்தனை பேர்?

• உலகில் 250 கோடிக்கும் மேற்பட்டோருக்கு ஏதாவது ஓர் உதவிக் கருவி தேவை. மூக்குக் கண்ணாடி முதல் சக்கர நாற்காலி வரை இதில் அடங்கும். (உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் அறிக்கை, 2022)

• அதே அறிக்கை சொல்வது: சில ஏழை நாடுகளில் தேவைப்படுவோரில் 3 சதவிகிதம் பேருக்குத்தான் கருவி கிடைக்கிறது. சில பணக்கார நாடுகளில் 90 சதவிகிதம்.

• 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவின் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி. தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம்.

குழியின் விளிம்பில்

தூரத்துக் கை நம் ஊரில் எங்கே உடனடியாகத் தேவை என்று என்னைக் கேட்டால், சாக்கடைக் குழிக்குள் என்று சொல்வேன்.

அங்கே ஆளைக் கொல்வது பெரும்பாலும் ஹைட்ரஜன் சல்பைடு. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் நுகரும் திறனே மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று நம்பி ஒருவர் இறங்குவார். அவர் சாய்ந்ததைப் பார்த்து இன்னொருவர் தூக்க இறங்குவார். இரண்டு மூன்று பேராகச் செய்தி வருவதற்குக் காரணம் இதுதான். 2013ம் ஆண்டுச் சட்டம் இந்த வேலையில் மனிதரை இறக்குவதைத் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இருந்தும் சாவு நிற்கவில்லை. தேசிய தூய்மைப் பணியாளர் ஆணையத்தின் கணக்குகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்பது நாம் தலைகுனிய வேண்டிய விஷயம்.

2015ல் கோழிக்கோட்டில் குழிக்குள் மயங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் போன ஓர் ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். அந்தச் சம்பவம் கேரளத்து இளம் பொறியாளர்கள் சிலரை உலுக்கியது. ஜென்ரோபாட்டிக்ஸ் என்ற நிறுவனத்தின் ‘பேண்டிகூட்’ ரோபோ அப்படி வந்தது. 2018ல் திருவனந்தபுரத்தில் வேலையைத் தொடங்கியது. மேலே ஒரு நிலைச்சட்டம், திரை, கட்டுப்பாடு. உள்ளே இறங்குவது கேமராவும் வாயு அறியும் கருவியும் கொண்ட ஓர் இயந்திரம். கால்களை விரித்துக் குழியின் சுவரில் ஊன்றி நின்று, கையால் மண்ணையும் துணியையும் பிளாஸ்டிக்கையும் அள்ளி வாளியில் போடும். அதே 2018ல் கும்பகோணம் நகராட்சிக்கு ஒன்று வந்தது. பிறகு கோயம்புத்தூருக்கும் வந்தன.

பாதாளச் சாக்கடை ஒரு பிரச்னை என்றால், வீட்டு செப்டிக் டேங்க் வேறொரு பிரச்னை. லாரி வந்து குழாய் போட்டு உறிஞ்சினால் தண்ணீராக இருப்பது போய்விடும். அடியில் பாறையாக இறுகிய கசடு குழாயில் ஏறாது. அதைக் கலக்கிவிடத்தான் ஆளை உள்ளே இறக்குகிறார்கள். சென்னை ஐஐடியில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் சரியாக இந்த இடத்தைப் பிடித்தார்கள். அவர்களின் ‘ஹோமோசெப்’ கருவியில் ஒரு தண்டின் நுனியில் மடங்கிய தகடுகள் இருக்கும். டேங்கின் சின்ன வாய் வழியாக மடங்கியபடியே உள்ளே போகும். போனதும் குடை மாதிரி விரியும். சுழன்று கசடைக் கூழாக்கும். பிறகு குழாய் உறிஞ்சிக்கொள்ளும். ஒரு பெரிய சாவில் ஒரு சிறிய காரணத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து, அதற்கு மட்டும் விடை சொன்ன வடிவமைப்பு இது. இந்தக் கட்டுரைக்காக நான் பார்த்ததில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

அதைவிட முக்கியம், கருவி யாரிடம் போனது என்பது. சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் அமைப்பின் துணையோடு, 2022ல் முதல் இரண்டு ஹோமோசெப் கருவிகளும் சுயஉதவிக் குழுக்களுக்குக் கொடுக்கப்பட்டன. அந்தக் குழுக்களை நடத்திய பெண்கள், இதே கழிவுநீர் வேலையில் கணவரை இழந்தவர்கள்.

இந்தக் கதையின் நடுப்புள்ளியே இதுதான். தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினரின் தலையில் கட்டப்பட்ட வேலை இது. நாளை இயந்திரம் வந்து அது மரியாதையான, சம்பளம் கூடிய ‘ஆபரேட்டர்’ வேலையாக மாறும்போது அந்த நாற்காலியில் உட்காரப்போவது யார்? பேண்டிகூட் விஷயத்தில், முன்பு குழிக்குள் இறங்கியவர்களுக்கே இயக்கப் பயிற்சி கொடுத்தார்கள். அது எல்லா ஊரிலும் டெண்டரின் நிபந்தனையாக வேண்டும். டெண்டரில் கருவியின் குதிரைத்திறன் இருக்கும், உத்தரவாதக் காலம் இருக்கும். இயக்கப்போகும் மனிதரைப் பற்றி ஒரு வரி இருந்தால்தான் அந்த இயந்திரம் நியாயமாக வேலை செய்யும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு நகராட்சிக்கு ஒரு ரோபோ வந்துவிட்டால் படம் எடுத்துப் போட்டுவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். அந்த ஊரில் ஆயிரக்கணக்கில் குழிகள். வண்டி நுழையாத சந்துகள். ராத்திரி பத்து மணிக்கு அடைத்துக்கொண்டால் வீட்டுக்காரர் ரோபோவுக்கு மனு போடுவாரா, பழக்கமான ஆளுக்கு போன் போடுவாரா? அந்த போனைத் தேவையில்லாததாக ஆக்குகிற எண்ணிக்கையில் இயந்திரம் வந்தால்தான் உயிர் மிஞ்சும்.

அலுவலக வாசல்வரை

சென்னை ஐஐடி வளாகத்தில் டிடிகே மறுவாழ்வு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ஆர்2டி2 என்று செல்லமாகச் சொல்கிறார்கள். பேராசிரியர் சுஜாதா சீனிவாசன் தலைமையில் இயங்குகிறது. மோட்டாரும் மின்னணுவும் நிறைந்த கருவிகள் மட்டும் அங்கே செய்யப்படுவதில்லை. அதுதான் அதன் அழகு. 2019ல் வந்த ‘அரைஸ்’ சக்கர நாற்காலியில், உட்கார்ந்திருப்பவர் யார் உதவியும் இல்லாமல் தானே எழுந்து நிற்கலாம். நிற்பது சௌகரியத்துக்கு மட்டும் அல்ல. நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் படுக்கைப் புண் வரும், எலும்பு பலம் குறையும், ரத்த ஓட்டம் மந்தமாகும். எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்ற ஒன்றும் இருக்கிறது. அதை எந்த மருத்துவ அட்டவணையிலும் எழுத முடியாது.

2022ல் அதே மையம் ‘கதம்’ என்ற செயற்கை முழங்காலை வெளியிட்டது. முழங்காலுக்கு மேல் காலை இழந்தவர்களுக்கானது. ஒரே அச்சில் மடங்கும் கதவுக் கீல் மாதிரி இல்லாமல், ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் மடங்குவதால் நடக்கும்போது தடுமாற்றம் குறைகிறது. 160 டிகிரி வரை மடங்கும். பஸ்ஸில் முன் இருக்கைக்கும் நமக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு அந்த 160ன் அருமை புரியும்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முன்கதை உண்டு. 1954ல் சாலை விபத்தில் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966ல் அங்கே மறுவாழ்வு நிலையம் அவரால் உருவானது. தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981ல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கடற்படைத் தேர்வில் முதுகுத்தண்டு அடிபட்டவர். இந்தத் துறையை நம் மண்ணில் ஊன்றியவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

இனி என் நண்பர் கதை. அவரிடம் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் இருக்கிறது. ஊரெல்லாம் சுற்றுவார். சில மாதங்களுக்கு முன் ஒரு சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்துக்கு அவரோடு போனேன். வாசல்வரை ஸ்கூட்டரில் ஜம்மென்று வந்துவிட்டார். அதற்கு மேல்? சக்கர நாற்காலி வீட்டில். ஸ்கூட்டரில் அதை ஏற்றிவர வழியில்லை. அங்கே இருந்த பொது நாற்காலியின் ஒரு கால்மிதி உடைந்திருந்தது. சாய்தளம் இருந்தது, ஆனால் மூன்று படி உயரத்தை ஏழெட்டு அடியில் ஏற்றியிருந்தார்கள். பின்னாலிருந்து நானும் காவலரும் சேர்ந்து தள்ளினோம். மேலே போனால் பாதி இழுத்துச் சாத்திய இரும்பு கேட். இடைவெளி நாற்காலியைவிடச் சிறியது. கடைசியில் அதிகாரியே வெளியே வந்து, வேப்பமரத்தடியில் ஸ்கூட்டர் சீட்டில் வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் நண்பர் திரும்பி வரும்போது ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஐஐடியில் வளர்ந்த நியோமோஷன் நிறுவனத்தின் கருவியைப் பார்த்தபோது அந்த வேப்பமரம்தான் நினைவுக்கு வந்தது. அவர்களின் ‘நியோபோல்ட்’ தனி வண்டி இல்லை. மோட்டாரும் முன் சக்கரமும் கைப்பிடியும் சேர்ந்த ஒரு முன்பாகம். தன் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அதை மாட்டிக்கொண்டால் மூன்று சக்கர வண்டியாகிவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். போன இடத்தில் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியோடு உள்ளே போகலாம். அறிமுகமானபோது இதன் விலை சுமார் 55,000 ரூபாய். மாட்டுவதற்கான ‘நியோஃப்ளை’ நாற்காலி சுமார் 40,000. நாற்காலியை உட்காருபவரின் உடல் அளவுக்குத் தைத்துக் கொடுக்கிறார்கள். சட்டைக்கு அளவு எடுப்போம், செருப்புக்கு எடுப்போம். நாளில் பத்து மணி நேரம் உட்காரும் நாற்காலியை மட்டும் இத்தனை காலம் எல்லாருக்கும் ஒரே அளவில் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்படியும், சாய்தளம் செங்குத்தாகவும் கேட் பாதி சாத்தியும் இருந்தால் அந்த 95,000 ரூபாயும் வேப்பமரத்தடியில்தான் நிற்கும்.

பெட்டிச் செய்தி: நாற்காலிக்கு ஒரு பரீட்சை

• ஐஎஸ்ஓ 7176 என்ற சர்வதேசத் தரத்தின்படி, சக்கர நாற்காலியில் மனித எடையுள்ள பொம்மையை உட்காரவைத்து, 12 மில்லிமீட்டர் கட்டைகள் பதித்த உருளைகளின் மேல் ஓடவிடுவார்கள். மொத்தம் 2,00,000 சுற்றுகள்.

• அடுத்து, நாற்காலியை 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 6,666 முறை கீழே போடுவார்கள். நடைபாதை விளிம்பிலிருந்து இறங்குவதற்குச் சமம்.

• சாய்தளத்துக்கான அடிப்படை விகிதம் 1:12. வாசல் ஓர் அடி உயரம் என்றால் சாய்தளம் 12 அடி நீளம். ஒன்றரை அடி உயர மூன்று படிகளுக்கு 18 அடி.

படுக்கையிலிருந்து பரிமாறுகிறார்கள்

டோக்கியோவில், நிஹோன்பாஷி பகுதியில் 2021லிருந்து ஒரு காபி கடை இருக்கிறது. பெயர் ‘டான்’. 120 சென்டிமீட்டர் உயர வெள்ளை ரோபோ தட்டில் காபியைக் கொண்டுவந்து வைக்கிறது, வந்தவரோடு பேசுகிறது. பேசுவது இயந்திரத்தின் மூளை கிடையாது. வெகு தூரத்தில், தன் வீட்டுப் படுக்கையில் இருக்கும் ஒரு மனிதர். தண்டுவடம் அடிபட்டவர்கள், தசை செயலிழக்கும் ஏஎல்எஸ் நோய் உள்ளவர்கள், கண் அசைவால் மட்டும் கணினியை இயக்குபவர்கள் இந்த ரோபோக்களை ஓட்டுகிறார்கள். ‘பைலட்’ என்பது அவர்கள் பதவி. 2018ல் சோதனை ஓட்டமாக நடத்தியபோதே மணிக்கு 1,000 யென் சம்பளம்.

இதைச் செய்த கென்டாரோ யோஷிஃபுஜி, சிறுவயதில் உடல்நலமில்லாமல் மூன்றரை வருடம் பள்ளிக்குப் போகாமல் வீட்டுக்குள் கிடந்தவர். தனிமையைத் தீர்க்கும் கருவி செய்வது என்று அப்போது பிறந்த எண்ணம். அவரோடு சேர்ந்து இதை வளர்த்தவர் பண்டா யூத்தா. நாலு வயதில் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, வாழ்நாளின் பெரும்பகுதியைப் படுக்கையில் கழித்தவர். 2017ல் இறந்துவிட்டார். கடை திறந்ததைப் பார்க்க அவர் இல்லை.

தானாக ஓடும் ரோபோ காபியை இன்னும் வேகமாகக் கொண்டுவரும். அங்கே வருபவர்கள் தேடி வருவது அந்த வேகத்தை இல்லை. செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் தானே செய்துவிடும் என்று தினமும் செய்தி வரும் காலத்தில், மனிதரை வேண்டுமென்றே நடுவில் உட்காரவைத்த ஒரு வடிவமைப்பு இது. படுக்கையில் இருப்பவருக்கு வேலை கிடைக்கிறது, சம்பளம் கிடைக்கிறது, திங்கட்கிழமை காலையில் போவதற்கு ஓர் இடம் கிடைக்கிறது.

பழுதானால் யாரைக் கூப்பிடுவது?

ஆய்வுக்கட்டுரைகளில் அவ்வளவாகக் காணாத ஒரு சொல் இது: ரிப்பேர்.

டீன் கேமன் என்ற அமெரிக்கர் படியேறும் சக்கர நாற்காலி செய்தார். இரண்டு சக்கரத்தில் நிமிர்ந்து நின்று, எதிரே இருப்பவரின் கண் மட்டத்துக்கு உயரும். 2003ல் அரசு அனுமதி கிடைத்தது. விலை ஒரு காருக்குச் சமம். மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்தது. 2009ல் உற்பத்தி நின்றது. அதையே கால்களாக நம்பியவர்கள் உதிரிபாகம் தேடி அலைந்தார்கள். 2019 வாக்கில்தான் புதிய வடிவில் திரும்ப வந்தது.

அமெரிக்காவில் குதிரையிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்த ஒரு பந்தய வீரர், சுமார் ஒரு லட்சம் டாலர் விலையுள்ள வெளிக்கூட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு பல வருடங்கள் நடந்தார். 2024ல் அதன் கட்டுப்பாட்டுக் கடிகாரத்தில் ஒரு சின்ன மின்கம்பி விட்டுப்போனது. ஐந்து வருடத்துக்கு மேல் பழசான கருவியைச் சரிசெய்ய மாட்டோம் என்றது தயாரித்த நிறுவனம். அவர் மறுபடி நாற்காலிக்குப் போனார். விஷயம் வெளியே தெரிந்து, கண்டனம் கிளம்பிய பிறகே பழுது நீங்கியது. ஒரு மின்கம்பிக்காக ஒரு மனிதர் இரண்டு மாதம் நடக்காமல் இருந்தார்.

எவன்ஸ் பயன்படுத்திய பிஆர்2வைச் செய்த நிறுவனமும் சில வருடங்களில் மூடப்பட்டுவிட்டது. அதிலிருந்து பாடம் கற்றவர்களில் சார்லி கெம்ப்பும் ஒருவர். அவர் ஆரோன் எட்சிங்கரோடு சேர்ந்து தொடங்கிய ஹலோ ரோபாட், 2020ல் ‘ஸ்ட்ரெச்’ என்ற ரோபோவை வெளியிட்டது. எடை 23 கிலோ. வெளியானபோது அதன் விலை பிஆர்2வின் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு கம்பம், அதில் மேலும் கீழும் ஏறி இறங்கி, இழுப்பறை மாதிரி நீளும் ஒரே ஒரு கை. மூட்டுகள் குறைந்ததால் ஓட்டுவதும் சுலபம், பழுதும் குறைவு. அதைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்தவர்களில் எவன்ஸும் உண்டு. தலையை வாரிக்கொண்டார், சாப்பிட்டார், பேத்தியோடு விளையாடினார். நாலு லட்சம் டாலர் ரோபோவிடம் அவர் கற்றுக்கொண்டதும், அவரிடம் பொறியாளர்கள் கற்றுக்கொண்டதும் சேர்ந்துதான் அந்த ஒற்றைக் கை.

நம் ஊர் வடிவமைப்பாளர்களுக்கு இந்தச் சோதனையை நான் சிபாரிசு செய்வேன். உங்கள் கருவியைத் திருத்துறைப்பூண்டியிலோ பரமக்குடியிலோ ஒரு சைக்கிள் கடையின் முன்னால் நிறுத்துங்கள். டியூப் பஞ்சரானால் அவரிடம் அதே அளவு டியூப் இருக்கிறதா? பேரிங் போனால் மாற்ற முடிகிறதா? உடைந்த சட்டத்தைப் பக்கத்து வெல்டிங் பட்டறையில் பற்றவைக்கலாமா, இல்லை சென்னைக்கு லாரியில் அனுப்பி மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமா? அந்த மூன்று வாரமும் அவர் வீட்டுக்குள் கிடப்பார், கூலி போகும், பிள்ளையின் பள்ளிக்கூடம் போகும். இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் தமிழ்நாடு முழுக்க ஓடுவதற்கு ஒரு முக்கியமான காரணம், எந்த மெக்கானிக்கும் அதைக் கழற்றி மாட்டுவார் என்பது.

பலகை முடியும் இடம்

சென்னை காமராஜர் சாலையில் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ என்று ஓர் இடம். மாற்றுத்திறனாளிகள் ஆணையரக வளாகத்தில் இருக்கிறது. உதவிக் கருவிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல், எடுத்துப் பயன்படுத்திப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். வாங்கும் முன் தொட்டுப் பார்க்க வழியில்லாமல், பட்டியலில் பார்த்து, கொடுத்ததை வாங்கிக்கொண்டு பழகியவர்களுக்கு இது எத்தனை பெரிய விஷயம்!

அதே சாலைக்கு எதிர்ப்பக்கம் மெரினா. 2022 நவம்பர் 27 அன்று, மணலின் மேல் 263 மீட்டர் நீளத்துக்கு மரப்பலகைப் பாதை திறக்கப்பட்டது. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தும், கடலைச் சாலையிலிருந்து மட்டுமே பார்த்திருந்தவர்கள் அன்றைக்கு முதல் முறையாக அலைக்குப் பக்கத்தில் போனார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து பாதையின் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. ஐஎஸ்ஓ தரத்தில் புயலுக்குச் சோதனை கிடையாது. சரிசெய்து மறுபடி திறந்தார்கள்.

ஒரு சனிக்கிழமை மாலை நண்பரை அங்கே கூட்டிப்போனேன். இந்த முறை நாற்காலியை ஆட்டோவின் பின்னால் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பலகையில் சக்கரம் கடகடவென்று ஓடியது. நான் கைவைக்கத் தேவையே வரவில்லை. கடைசிப் பலகையில் பிரேக்கைப் போட்டுவிட்டு உட்கார்ந்தார். காலடியில் மணல், அதற்கு அப்பால் அலை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், இந்த மணலில் இறங்க எவ்வளவு அகலமான டயர் போட வேண்டும் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் முன்சக்கரத்தை மட்டும் மெதுவாக மணலில் இறக்கி, எவ்வளவு புதைகிறது என்று குனிந்து பார்த்தார்.